விசிறியை மாற்றினால் கணினி ஏன் முரண்டு பிடிக்கிறது?

மேசைக் கணினியின் விசிறி கரகரக்கத் தொடங்கியது. புதியது வாங்கி, பழையதைக் கழற்றிவிட்டு மாட்டி, கேபினட்டை மூடிப் பொத்தானை அழுத்தியாயிற்று. விண்டோஸ் வரவில்லை. கறுப்புத் திரையில் ‘சிபியு ஃபேன் எரர்’ என்று ஒரு வரி. தொடர வேண்டுமானால் எஃப்1 விசையை அழுத்தச் சொல்லி இன்னொரு வரி. உள்ளே எட்டிப் பார்த்தால் புது விசிறி ஜோராகச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

இது ஒரு வகை. சிலருக்குப் புது விசிறி பேரிரைச்சல் போடும். சிலருக்குக் கணினி ஐந்து நிமிடம் ஓடிவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் அணைந்துபோகும். இன்னும் சிலருக்கு விளக்குகள் எரியும், விசிறிகள் எல்லாம் சுற்றும், திரையில் மட்டும் எதுவும் வராது. ‘போர்டு போய்விட்டது’ என்று முடிவுகட்டிப் புதிதுக்கு விலை கேட்கப் போகிறவர்களும் உண்டு.

பெரும்பாலும் போர்டு போயிருக்காது. வெறும் காற்றாடியை மாற்றியதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் ஓர் உணரி, ஒரு வேகக் கட்டுப்பாடு, வெப்பம் கடந்துபோகும் பாதை, அத்தனையையும் கண்காணிக்கும் காவல் ஏற்பாடு என்று நான்கிலும் கை வைத்திருக்கிறோம். அதன் பிறகு வரும் கோளாறுகளில் பல, இந்த நான்கில் ஏதோ ஒன்று தன் வேலையை ஒழுங்காகச் செய்வதன் அடையாளம். எது குரல் கொடுக்கிறது என்று புரிந்தால் பழுது இருக்கும் இடமும் புரிந்துவிடும்.

இவ்வளவு சூடு எங்கிருந்து?

கணினியில் கணக்குகளைப் போடும் சில்லு செயலி. கடைகளில் பிராசஸர் என்பார்கள். அதற்குள் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சுவிட்ச். நொடிக்கு 300 கோடித் தடவை, சில செயலிகளில் அதற்கும் மேல், துடிக்கும் கடிகாரத்துக்கு ஏற்ப அவை திறந்து மூடுகின்றன. ஒவ்வொரு முறையும் துளியூண்டு மின்னாற்றல் செலவாகிறது. அந்தச் செலவு முழுவதும் கடைசியில் வெப்பமாகவே முடிகிறது. 65 வாட் மின்சாரம் செயலிக்குள் போனால் 65 வாட் வெப்பம் வெளியே வந்தாக வேண்டும்.

65 வாட் என்பது பழைய குண்டு பல்பு ஒன்றின் அளவுதான். அது வெளிவரும் இடம்தான் வியப்பு. நடுத்தரமான செயலி ஒன்றின் சிலிக்கான் துண்டு ஏறத்தாழ 1.6 சதுர சென்டிமீட்டர். கட்டைவிரல் நகத்தின் அளவு. 1,000 வாட் இஸ்திரிப் பெட்டியின் அடித்தகடு சுமார் 200 சதுர சென்டிமீட்டர் இருக்கும். சதுர சென்டிமீட்டருக்கு 5 வாட் கணக்காகிறது. செயலியில் அதே பரப்பிலிருந்து 40 வாட் கிளம்புகிறது. துணியின் சுருக்கத்தை நீக்கும் தகட்டைவிட எட்டு மடங்கு அடர்த்தி! இன்டெல்லின் கோர் ஐ9-13900கே செயலி உச்ச வேகத்தில் 253 வாட் வரை எடுக்கும். அதன் சிலிக்கான் சுமார் 2.6 சதுர சென்டிமீட்டர். இஸ்திரிப் பெட்டியைப்போல் ஏறத்தாழ 20 மடங்கு.

அந்த நடுத்தரச் சிலிக்கான் துண்டின் எடையோ கிட்டத்தட்ட 0.3 கிராம்தான். ஒரு கிராம் சிலிக்கானை ஒரு டிகிரி சூடாக்க 0.7 ஜூல் போதும். வெப்பத்தை வாங்கிக்கொள்ள அருகில் எதுவுமே இல்லையென்றால், 65 வாட்டில் அதன் சூடு நொடிக்கு 300 டிகிரி என்ற வேகத்தில் ஏறும். நடைமுறையில் சிலிக்கானின் மேல் செம்பு மூடி ஒன்றும், அதற்கு மேல் ஹீட்சிங்க் என்கிற உலோகத் தகடுகளின் அடுக்கும் அமர்ந்து வெப்பத்தை வாங்கிக்கொள்கின்றன. அந்தத் தகடுகளிலிருந்து வெப்பத்தைக் காற்றோடு அனுப்பி வைப்பது விசிறியின் பொறுப்பு. எத்தனை குறைந்த இடைவெளியில் எத்தனை பெரிய ஆபத்து நிற்கிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், கணினி ஏன் விசிறியைப் பற்றி அவ்வளவு கவலைப்படுகிறது என்பது விளங்கும்.

விசிறி தன் வேகத்தைச் சொல்லும் விதம்

பழைய விசிறியைத் தூக்கிப் போடும் முன் அதைப் பிரித்துப் பாருங்கள். பின்பக்கம் நடுவில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை உரித்தால் அச்சு தெரியும். பல விசிறிகளில் அந்த அச்சைச் சிறிய பிளாஸ்டிக் வளையம் ஒன்று பிடித்திருக்கும். அதை ஊசியால் நெம்பினால் இறக்கைகள் தனியே கழன்று வரும். இறக்கைகளின் குடத்துக்குள் கறுப்பாக ஒரு காந்த வளையம். சட்டத்தோடு நிற்கும் பகுதியில் செம்புக் கம்பிச் சுருள்கள், பெரும்பாலும் நான்கு. அவற்றின் அடியில் காசு அகலத்தில் ஒரு சுற்றுப்பலகை. அதன் ஓரத்தில், காந்தத்தின் விளிம்பைப் பார்த்தபடி, அரிசி பருமனில் ஒரு கறுப்புச் சில்லு உட்கார்ந்திருக்கும்.

அதுதான் ஹால் உணரி. மின்னோட்டம் பாயும் தகட்டைக் காந்தப்புலம் குறுக்கே ஊடுருவினால், தகட்டின் இரு ஓரங்களுக்கு இடையே ஒரு சிறு மின்னழுத்தம் தோன்றும் என்று அமெரிக்க இயற்பியலாளர் எட்வின் ஹால் 1879-இல் கண்டறிந்தார். மிக்சி மோட்டாரில் கார்பன் பிரஷ் உரசி உரசி மின்னோட்டத்தின் திசையை மாற்றும். இங்கே உரசலே கிடையாது. காந்தத்தின் வடமுனை எதிரே வந்ததும் உணரி அறிவிக்கிறது, சுற்று சுருள்களின் மின்னோட்டத்தை மாற்றுகிறது. தென்முனை வந்ததும் மறுபடி மாற்றுகிறது. தேய்வதற்குப் பிரஷ் இல்லாததால் விசிறி ஆண்டுக்கணக்கில் ஓடுகிறது. கடைசியில் அது கரகரப்பதும் பெரும்பாலும் அச்சு சுழலும் பேரிங்கில் எண்ணெய் வற்றுவதால்தான்.

அதே உணரியை வைத்துப் பொறியாளர்கள் இன்னொரு வேலையையும் முடித்துக்கொண்டார்கள். காந்த வளையத்தில் வழக்கமாக நான்கு முனைகள் இருப்பதால், விசிறி ஒரு சுற்று சுற்றினால் இரண்டு துடிப்புகள் கிடைக்கும். அவற்றை ஒரு தனிக் கம்பி மதர்போர்டுக்கு எடுத்துச் செல்கிறது. அங்கே ஒரு கண்காணிப்புச் சில்லு துடிப்புகளை எண்ணிக்கொண்டே இருக்கிறது. நொடிக்கு 50 துடிப்பு வந்தால், அதை 30-ஆல் பெருக்கி நிமிடத்துக்கு 1,500 சுற்று என்று அறிந்துகொள்கிறது. வேகத்தை அளக்கத் தனிக் கருவி தேவைப்படவில்லை.

‘ஃபேன் எரர்’ புதிருக்கு விடை இங்கே இருக்கிறது. விசிறி சுற்றுவதைக் கணினி கண்ணால் பார்ப்பதில்லை. துடிப்பு வருகிறதா என்று மட்டுமே பார்க்கிறது. மதர்போர்டில் விசிறிகளுக்கான முனைகள் பல உண்டு. செயலியின் விசிறிக்கு என ‘சிபியு_ஃபேன்’ என்று அச்சிட்ட முனை ஒன்று. கேபினட் விசிறிகளுக்கு ‘சிஸ்_ஃபேன்’, ‘சாசி_ஃபேன்’ என்ற பெயரில் வேறு முனைகள். புது விசிறியின் ஒயரை அவசரத்தில் பக்கத்து முனையில் செருகிவிட்டால், அது நன்றாகவே சுற்றும். ஆனால் செயலிக்கான முனையில் எண்ணிக்கை பூஜ்யம். மின்வழங்கிப் பெட்டியான எஸ்எம்பிஎஸ்-இலிருந்து நேரே மின்சாரம் எடுக்கும் இரண்டு கம்பி விசிறிக்கும் இதே கதிதான். அதற்குச் சேதி சொல்லும் கம்பியே இல்லை.

இதில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. பல மதர்போர்டுகளில் நிமிடத்துக்கு 600 சுற்றுக்குக் கீழே போனால் விசிறி நின்றுவிட்டது என்று கொள்ளும் வரம்பு உண்டு. பழைய சிறிய விசிறி 2,000 சுற்றில் ஓடியிருக்கும். நீங்கள் வாங்கிய பெரிய, அமைதியான விசிறி வேலை குறைந்த நேரத்தில் 500 சுற்றிலேயே சமாளித்துவிடும். விசிறியும் நலம், ஒயரும் நலம், எச்சரிக்கை மட்டும் வரும். விண்டோஸுக்கு முன்பே விழித்துக்கொள்ளும் அடிப்படை மென்பொருளான பயாஸுக்குள் போய், அந்தக் கீழ்வரம்பை 200-க்கு இறக்கினால் சரியாகிவிடும். வரம்பையே முழுதாக அணைத்துவிடுவது கூடாது. நாளைக்கு விசிறி உண்மையாகவே நின்றால் எச்சரிக்க யாரும் இருக்க மாட்டார்கள்.

இரைச்சலுக்குப் பின்னால் நான்காவது கம்பி

விசிறி ஒயரின் முனையில் மூன்று அல்லது நான்கு துளைகளைப் பார்த்திருப்பீர்கள். முதலாவது மின்சாரம் திரும்பும் வழி. இரண்டாவது 12 வோல்ட். மூன்றாவது துடிப்புச் சேதி. நான்காவது, மதர்போர்டு விசிறிக்கு இடும் கட்டளை.

மூன்று கம்பி விசிறியில் வேகத்தைக் குறைக்க வேண்டுமானால் 12 வோல்ட்டைக் குறைக்க வேண்டும். ரொம்பவும் குறைத்தால் மோட்டார் கிளம்பவே திணறும். மின்சாரத்தை விட்டுவிட்டுக் கொடுத்தாலோ, அதே மின்சாரத்தில் ஓடும் ஹால் உணரியும் விட்டுவிட்டு அணைந்து எண்ணிக்கை குழம்பும். 2004 வாக்கில் இன்டெல்லின் எல்ஜிஏ775 வகைச் செயலிகளோடு பரவிய நான்கு கம்பி முறை இந்தச் சிக்கலை அழகாக அவிழ்த்தது. 12 வோல்ட் எப்போதும் முழுதாகப் போய்க்கொண்டிருக்கும். வேகத்தைத் தனிக் கம்பி சொல்லும்.

சொல்லும் விதம் இன்னும் அழகு. அந்தக் கம்பியில் நொடிக்கு 25,000 முறை மின்னழுத்தம் ஏறி இறங்குகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் எவ்வளவு நேரம் மேலே நிற்கிறது என்பதுதான் கட்டளை. பாதி நேரம் மேலே நின்றால் ஏறத்தாழ பாதி வேகம். முழு நேரமும் நின்றால் முழு வேகம். துடிப்பு அகலப் பண்பேற்றம் என்று இதற்குப் பெயர். பயாஸ் திரையில் பிடபிள்யூஎம் என்று காண்பீர்கள். 25,000 என்ற எண்ணையும் யோசித்தே தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். மனிதக் காது ஏறத்தாழ 20,000 அதிர்வு வரைதான் கேட்கும். அதற்கு மேல் துடித்தால் மோட்டாரின் சிணுங்கல் நம் காதில் விழாது.

கட்டளைக் கம்பி அறுந்துபோனால் என்ன ஆகும்? விசிறி நின்றுவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அது முழு வேகத்தில் சுற்றும். கட்டளை வராவிட்டால் உச்ச வேகம் என்பது விசிறிக்குள்ளேயே எழுதப்பட்ட விதி. பழுது நேர்ந்தாலும் அது பாதுகாப்பின் பக்கம் சாய வேண்டும் என்ற முன்யோசனை!

ஆகவே புது விசிறி பேரிரைச்சல் போட்டால், வேகக் கட்டளை அதற்குப் போய்ச் சேரவில்லை என்பது முதல் சந்தேகம். முனை முழுதாக அழுந்தியிருக்கிறதா என்று பாருங்கள். மூன்று துளை விசிறியை நான்கு ஊசி முனையில் செருகியிருந்தால், பயாஸில் அந்த முனையை டிசி முறைக்கு மாற்றுங்கள்; மதர்போர்டு மின்னழுத்தத்தைக் குறைத்து வேகத்தை அடக்கும். இந்தக் கலப்பு மணமும் திட்டமிட்டதே. நான்கு ஊசி முனையின் பின்புறம் நிற்கும் பிளாஸ்டிக் நாக்கு முதல் மூன்று ஊசிகளுக்கு நேராக மட்டும் இருப்பதால், பழைய விசிறியைத் தப்பாகச் செருக முடியாது.

இரைச்சலைக் குறைத்தால் கிடைக்கும் லாபம் எதிர்பார்ப்பதைவிடப் பெரியது. விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் பாதியாகும். ஆனால் அதற்குத் தேவைப்படும் மின்திறன் எட்டில் ஒரு பங்காகிவிடும். ஒலி ஏறத்தாழ 15 டெசிபல் இறங்கும். பெரிய விசிறியை மெதுவாகச் சுற்றவிடுவது ஏன் புத்திசாலித்தனம் என்பதற்கு இதுவே கணக்கு. இறக்கைகளையும் எண்ணிப் பாருங்கள். ஏழு, ஒன்பது, பதினொன்று என ஒற்றைப்படையில் பல விசிறிகள் இருக்கும். பின்னால் தாங்கும் கைகளோ பெரும்பாலும் நான்கு. எல்லா இறக்கைகளும் ஒரே கணத்தில் கைகளைக் கடந்தால் ஒலி கூடி முழங்கும். எண்கள் பொருந்தாமல் இருந்தால் அது சிதறிவிடும்.

முடியளவு காற்று

கணினி சிறிது நேரம் ஓடிவிட்டு மந்தமாகிறது, பிறகு அணைகிறது என்றால் பார்வையை விசிறியிலிருந்து கீழே இறக்குங்கள். பல மாடல்களில் விசிறியை ஹீட்சிங்க்கோடு சேர்த்துத்தான் மாற்ற வேண்டியிருக்கும். அப்போது செயலிக்கும் ஹீட்சிங்க்குக்கும் இடையில் இருந்த இணைப்பைக் கலைத்துவிடுகிறோம்.

இரண்டு உலோகப் பரப்புகளும் கண்ணாடிபோல் வழவழப்பாகத் தெரியும். நுண்ணோக்கியில் பார்த்தால் மேடும் பள்ளமுமாக இருக்கும். மேடுகள் மட்டும் தொட்டுக்கொள்ள, பள்ளங்களில் காற்று நிற்கும். காற்று வெப்பத்தைக் கடத்துவதில் மகா சோம்பேறி. முடியின் பருமனுக்கும் சற்றுக் குறைந்த 0.05 மில்லிமீட்டர் காற்றுப் படலம், 3 சென்டிமீட்டர் சதுரமான செயலி மூடியின் மேல் நிற்பதாகக் கொள்ளுங்கள். 65 வாட் வெப்பம் அதைத் தாண்ட ஏறத்தாழ 140 டிகிரி வெப்பநிலை வேறுபாடு தேவைப்படும். அதே இடத்தில் வெப்பப் பசை இருந்தால் ஒரு டிகிரிகூட வேண்டாம்! கடைகளில் தெர்மல் பேஸ்ட் என்று கிடைக்கும் அந்தக் குழம்பில், வெப்பம் கடத்தும் துத்தநாக ஆக்சைடு, அலுமினிய ஆக்சைடு போன்ற பொருள்களின் நுண்துகள்கள் சிலிக்கோன் எண்ணெயில் கலந்திருக்கும். காற்றைவிட ஏறத்தாழ 200 மடங்கு நன்றாக அது வெப்பத்தைக் கடத்தும்.

அப்படியானால் நிறையப் பூசலாமே என்று தோன்றும். கூடாது. பசை காற்றைவிட மேலானது. ஆனால் செம்போடு ஒப்பிட்டால் எண்பதில் ஒரு பங்குதான் கடத்தும். பள்ளங்களை நிரப்புவதோடு அதன் பணி முடிந்தது. நடுவில் ஒரு பச்சைப் பட்டாணிக்கும் சற்றுக் குறைவான அளவு வைத்து, ஹீட்சிங்க்கை நேராக அழுத்தினால் அதுவாகவே பரவிக்கொள்ளும்.

பசை சரியாகப் பரவியதா என்பதைப் பசையே சொல்லிவிடும். ஹீட்சிங்க்கை மறுபடி கழற்றி அதன் அடியைப் பாருங்கள். மெல்லிய படலம் எங்கும் ஒரே சீராக விரிந்திருந்தால் அழுத்தம் சரி. ஒரு ஓரம் திட்டாகத் தடித்து, எதிர் ஓரத்தில் பசையே தொடாமல் இருந்தால் ஹீட்சிங்க் சாய்வாக உட்கார்ந்திருக்கிறது. இன்டெல் செயலிகளோடு வரும் விசிறியில் நான்கு பிளாஸ்டிக் முளைகள் இருக்கும். அவற்றில் ஒன்று பிடிக்காமல் விட்டால் இப்படித்தான் ஆகும். எதிரெதிர் மூலைகளாக இரண்டிரண்டாக அழுத்த வேண்டும். ‘டக்’ என்று சத்தம் கேட்க வேண்டும். பிறகு மதர்போர்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். நான்கு துளைகளிலும் வெள்ளைக் கால்கள் விரிந்து, நடுவே கறுப்பு ஊசி இறங்கியிருந்தால்தான் பூட்டியதாகப் பொருள். பசையைப் புதுப்பிக்கும்போது பழையதை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள்.

புது ஹீட்சிங்க்கின் அடியில் ஒட்டியிருக்கும் பாதுகாப்புத் தாளை உரிக்க மறப்பதும் அடிக்கடி நடக்கிறது. அந்தப் பிளாஸ்டிக், செம்பைவிட ஆயிரம் மடங்கு மந்தமாக வெப்பத்தைக் கடத்தும்.

கோபுரம்போல் நிற்கும் ஹீட்சிங்க்குகளில் செம்புக் குழாய்கள் வளைந்து மேலே போவதைப் பார்க்கலாம். அவை கெட்டிக் கம்பிகள் இல்லை. காற்றை வெளியேற்றிவிட்டுச் சிறிதளவு நீர் வைத்து மூடிய குழாய்கள். அழுத்தம் குறைவாக இருப்பதால் உள்ளே இருக்கும் நீர் மிதமான சூட்டிலேயே ஆவியாகும். ஆவி மேலே போய்க் குளிர்ந்து நீராகி, உட்சுவரின் நுண்துளைகள் வழியே திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் திரும்பி வரும். ஒரு கிராம் நீர் ஆவியாகச் சுமார் 2,400 ஜூல் தேவை. ஆகவே 65 வாட் வெப்பத்தைச் சுமக்க நொடிக்கு 0.03 கிராமுக்கும் குறைவான நீர் ஆவியானால் போதும். அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் 1963-இல் செய்துகாட்டிய வெப்பக் குழாய் இது. பொருத்தும்போது இடித்து நசுக்கிவிட்டால் திரும்பும் பாதை அடைபடும். இந்தக் குழாய்களைக் கைப்பிடியாகப் பிடித்துத் தூக்கவே கூடாது.

செயலிக்குள் ஒரு காவலாளி

வெப்பம் வெளியேறாதபோது கணினியை அணைப்பது யார்? விண்டோஸ் இல்லை. செயலியே தன்னைக் காத்துக்கொள்கிறது. சிலிக்கானுக்குள் செதுக்கிய டையோடுகள் அங்கே வெப்பமானிகளாக உதவுகின்றன. ஒரு டிகிரி சூடு ஏறினால் டையோடின் மின்னழுத்தம் ஏறத்தாழ 2 மில்லிவோல்ட் இறங்கும். டார்ச் செல் ஒன்றின் மின்னழுத்தத்தில் இது 750-இல் ஒரு பங்கு. இந்தச் சிறு மாற்றத்தைச் செயலி ஓயாமல் அளக்கிறது.

பல செயலிகளில் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது முதல் நடவடிக்கை தொடங்கும். செயலி தன் வேகத்தையும் மின்னழுத்தத்தையும் தானே குறைத்துக்கொள்ளும். கணினி மந்தமாவது அதனால்தான். அப்படியும் சூடு அடங்காமல் 130 டிகிரியை நெருங்கினால், யாரையும் கேட்காமல் மின்சாரத்தையே துண்டித்துவிடும்.

இந்தக் காவலின் அருமையை 2001-இல் டாம்ஸ் ஹார்ட்வேர் இணையதள ஆய்வாளர்கள் ஒரு சோதனையில் காட்டினார்கள். கணினியில் விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஹீட்சிங்க்கைக் கழற்றினார்கள். பென்டியம் 4 தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடியது; ஹீட்சிங்க்கைத் திரும்ப வைத்ததும் பழைய வேகத்துக்கு வந்தது. பென்டியம் 3 உறைந்து நின்றது, கெடவில்லை. ஏஎம்டி நிறுவனத்தின் அந்தக் காலத்து 1.4 கிகாஹெர்ட்ஸ் ஆத்லான் செயலியோ சில நொடிகளில் 300 டிகிரியைக் கடந்து புகைந்துபோனது. பின்னர் வந்த ஏஎம்டி செயலிகளிலும் இந்தக் காப்பு உள்ளேயே அமைந்துவிட்டது. விசிறியைத் தப்பாகப் பொருத்திவிட்டும் செயலியை இழக்காமல் நாம் தப்பிப்பதற்கு இதுவே காரணம்.

சோதித்துப் பார்க்கும் வழி எளிது. கணினியை இயக்கியதும் பயாஸுக்குள் போய் வெப்பநிலையைக் கவனியுங்கள். அது 50 டிகிரிக்குள் நிலைகொண்டால் பொருத்தம் நன்றாக இருக்கிறது. ஓரிரு நிமிடங்களில் 80, 90 என்று ஏறிக்கொண்டே போனால் உடனே அணைத்துவிட்டுப் பசையையும் முளைகளையும் பாருங்கள்.

விசிறி சுற்றுகிறது, திரை இருட்டு

இது பார்த்ததும் பயமுறுத்தும் கோளாறு. ஆனால் பெரும்பாலும் எளிதில் தீரும். கை பட்ட இடங்களை நினைத்துப் பாருங்கள். செயலி விசிறியை ஒட்டினாற்போல் நிற்பவை ராம் நினைவகப் பட்டைகள். டிடிஆர்4 பட்டை ஒன்றில் 288 தொடுமுனைகள் உண்டு. ஒரு பக்கம் மயிரிழை தூக்கினாலும் பயாஸால் நினைவகத்தைப் படிக்க முடியாது, திரை வராது. குட்டி ஒலிபெருக்கி இருந்தால் ‘பீப், பீப்’ என்று முறையிடும். பட்டையைக் கழற்றி, இருபுறமும் ‘கிளிக்’ என்று பூட்டும் வரை மறுபடி அழுத்துங்கள்.

அடுத்து, மதர்போர்டின் மூலையில் செயலிக்கென்றே வரும் நான்கு அல்லது எட்டு ஊசி மின்முனை. இடைஞ்சலாக இருக்கிறதென்று கழற்றிவிட்டுத் திரும்பச் செருக மறந்துபோவது சகஜம். விசிறிகளுக்கு மின்சாரம் வேறு வழியாக வருவதால் அவை சுற்றும். செயலிக்கு மட்டும் மின்சாரம் இராது. செயலி விழுங்கும் மின்னோட்டம் கொஞ்சநஞ்சமில்லை. செயலி ஓடுவது ஏறத்தாழ 1.2 வோல்ட்டில். 65 வாட்டை அத்தனை குறைந்த அழுத்தத்தில் கொடுக்க 54 ஆம்பியர் மின்னோட்டம் வேண்டும். 230 வோல்ட்டில் ஓடும் ஒன்றரை டன் ஏசி எடுப்பதோ ஏழெட்டு ஆம்பியர்தான். அந்த 54 ஆம்பியரைத் தாங்குவதற்காகவே செயலியின் அடியில் இருக்கும் தொடுமுனைகளில் கணிசமான பங்கு மின்சாரம் வருவதற்கும் போவதற்கும் ஒதுக்கப்பட்டிருக்கிறது.

ஏஎம்டியின் ஏஎம்4 வகைச் செயலி வைத்திருப்பவர்கள் ஒரு கூடுதல் எச்சரிக்கையை மனத்தில் கொள்ள வேண்டும். அதன் அடியில் 1,331 நுண் கால்கள் உண்டு. பழைய பசை இறுகியிருந்தால், ஹீட்சிங்க்கை நேராகப் பிடுங்கும்போது பூட்டியிருக்கும் செயலியும் கூடவே பெயர்ந்து வந்துவிடும்; கால்கள் வளையும். பத்து நிமிடம் கணினியை ஓடவிட்டுப் பசையை இளக்கி, அணைத்து, மின்சாரத்தைத் துண்டித்த பிறகு, ஹீட்சிங்க்கை இடமும் வலமுமாக மெல்லத் திருகி எடுப்பதே முறை.

காற்று எந்தப் பக்கம் போகிறது?

எல்லாம் சரி, வெப்பநிலை மட்டும் பழையதைவிடக் கூடுதல் என்றால் காற்றின் திசையைப் பாருங்கள். தாங்கும் கைகளும் ஸ்டிக்கரும் இருக்கும் பக்கம்தான் பெரும்பாலும் காற்று வெளியேறும். திருப்பி மாட்டினால், கேபினட்டின் பின்விசிறி வெளியே தள்ள வேண்டிய சூடான காற்று உள்ளேயே சுழலும்.

100 வாட் வெப்பத்தைக் காற்று சுமந்துபோக வேண்டும், போகும்போது அதன் சூடு 10 டிகிரிக்கு மேல் ஏறக் கூடாது என்றால், நொடிக்கு 8 லிட்டருக்குச் சற்று மேல் காற்று தேவை. நிமிடத்துக்கு ஏறத்தாழ 500 லிட்டர். சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதர் நிமிடத்துக்குச் சுமார் 6 லிட்டர் காற்றை மூச்சிழுக்கிறார். 80 பேர் நிறைந்த ஒரு கூடத்தின் மூச்சுக்காற்று அந்த ஒரு பெட்டி வழியாகப் போகிறது! தூசி அடைத்த சல்லடையும், சுவரை ஒட்டி வைத்த கேபினட்டும் எவ்வளவு கெடுதல் செய்யும் என்று இதிலிருந்து கணக்கிட்டுக்கொள்ளலாம்.

விசிறியை மாற்றப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கழற்றும் முன் உள்ளே இருக்கும் ஒயர்களை மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மின்சாரத்தைத் துண்டித்து, பொத்தானைச் சில நொடி அழுத்தி மிச்ச மின்னேற்றத்தைப் போக்குங்கள். மாட்டிய பிறகு தொல்லை வந்தால் எந்த முனை, எந்த வேகம், எந்தப் பசை, எந்தப் பட்டை, எந்தத் திசை என்ற ஐந்து கேள்விகளையும் இதே வரிசையில் கேளுங்கள். எல்லாம் சரியானதும் பயாஸில் தெரியும் வெப்பநிலையையும் விசிறியின் வேகத்தையும் தேதியோடு ஒரு தாளில் எழுதி, கேபினட் மூடியின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். அடுத்த ஆண்டு தூசி தட்டும்போது அந்த எண்களோடு ஒப்பிட்டுப் பார்த்தாலே, விசிறி தளர்கிறதா, பசை காய்கிறதா என்று முன்கூட்டியே தெரிந்துவிடும்.